ஒரே உடம்பில் இரண்டு கிருமிகள்: காசநோயும் எச்.ஐ.வி.யும் சேரும்போது

எச்.ஐ.வி. உள்ள ஒருவர் இறந்துபோனார் என்று கேள்விப்பட்டால், அந்த வைரஸே அவரைக் கொன்றுவிட்டது என்று எண்ணிக்கொள்கிறோம். உலகக் கணக்கை எடுத்துப் பார்த்தால், எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரை மற்ற எந்த நோயையும்விட அதிகமாகப் பறிப்பது காசநோய். மாத்திரை இருக்கிறது, பெரும்பாலும் ஆறு மாதத்தில் குணமாகிவிடும். அப்படிப்பட்ட நோயால்தான் இவ்வளவு பேர் சாகிறார்கள்.

2023ஆம் ஆண்டில் உலகில் 1.08 கோடிப் பேருக்குக் காசநோய் வந்தது, 12.5 லட்சம் பேர் இறந்தார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. இறந்தவர்களில் 1.61 லட்சம் பேருக்கு எச்.ஐ.வி.யும் இருந்தது. காசநோய் வந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் ஏறத்தாழ 6 சதவீதம்தான். இறந்தவர்களிலோ அவர்கள் ஏறத்தாழ 13 சதவீதம். இந்த இரண்டு சதவீதங்களுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் புரிந்துகொண்டால், கூட்டுத்தொற்று ஏன் இத்தனை பெரிய பொது சுகாதாரச் சுமை என்பது புரிந்துவிடும். கிருமிகள் செய்யும் வேலை பாதிக் காரணம். நோயாளியின் ஒரே உடம்பை இரண்டு துறைகளுக்குப் பிரித்துக் கொடுத்த நம் மருத்துவ ஏற்பாடு மீதிக் காரணம்.

முதலில் உடம்புக்குள் நடப்பதைப் பார்ப்போம்.

காசநோய்க் கிருமி காற்றில் வருகிறது. நோய் உள்ளவர் இருமும்போது வெளிவரும் நுண்ணிய துளிகள் அடைத்த அறைக்குள் மணிக்கணக்கில் மிதந்துகொண்டிருக்கும். அதை மூச்சோடு உள்ளே இழுப்பவரின் நுரையீரலின் ஆழத்துக்குக் கிருமி போய்விடுகிறது. அங்கே நம் பாதுகாப்பு அணுக்கள் அதை விழுங்குகின்றன. ஆனால் இது விழுங்கியவரின் வயிற்றுக்குள்ளேயே குடியிருக்கத் தெரிந்த கிருமி. அதனால் உடம்பு அடுத்த வழியைப் பார்க்கிறது. சி.டி.4 எனப்படும் வெள்ளை அணுக்கள் வந்து சேர்ந்து, மற்ற அணுக்களை அழைத்து, கிருமியைச் சுற்றி வளைத்து ஒரு முடிச்சை உண்டாக்குகின்றன. கிருமிக்கு அது சிறை. சாகாமல், வளரவும் முடியாமல் பல பத்தாண்டுகள் உள்ளேயே கிடக்கும். உலக மக்களில் நான்கில் ஒருவருக்கு இப்படிக் காசநோய்த் தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் என்று மதிப்பிடப்படுகிறது. இவர்களுக்கு நோய் இல்லை, இருமல் இல்லை, மற்றவருக்குப் பரப்பவும் மாட்டார்கள். இவர்களில் 100க்கு 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது அது நோயாக மாறும்.

எச்.ஐ.வி. தேடிப்போய்த் தாக்குவது அதே சி.டி.4 அணுக்களை. காவல் குறைந்ததும் உள்ளே கிடந்த கிருமி வெளியே வந்துவிடுகிறது. மற்றவர்களுக்கு வாழ்நாள் முழுவதற்குமாக இருக்கும் அந்த 5 முதல் 10 சதவீத ஆபத்து, சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ளவருக்கு ஏறத்தாழ ஒவ்வோர் ஆண்டும் வருகிறது. எதிர்ப்பாற்றல் முற்றிலும் சரிந்த பிறகுதான் இப்படி ஆகும் என்றும் சொல்ல முடியாது. தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பல ஆண்டுகள் கவனித்தபோது, எச்.ஐ.வி. தொற்றிய முதல் ஆண்டுக்குள்ளேயே அவர்களுக்குக் காசநோய் வரும் வாய்ப்பு இரட்டிப்பாகியிருந்தது தெரிந்தது.

எதிர்த்திசையிலும் கேடு உண்டு. காசநோயை எதிர்க்க உடம்பு சி.டி.4 அணுக்களை முடுக்கிவிடுகிறது. அப்படி முடுக்கிவிடப்பட்ட அணுக்களில்தான் எச்.ஐ.வி. வேகமாகப் பெருகும். ஒன்று மற்றதற்கு வழி திறந்துவிட, மற்றது இதற்குத் தீனி போடுகிறது. இரண்டு நோய்களின் பாதிப்பைக் கூட்டிப் பார்த்தால் போதாது, பெருக்கிப் பார்க்க வேண்டும் என்று மருத்துவர்கள் சொல்வது இதனால்தான்.

அடுத்த சிக்கல் நோயைக் கண்டுபிடிப்பதில் இருக்கிறது. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் பலர் இறந்தது இங்கேதான். ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியை உலகுக்கு அறிவித்தார். அதன் பிறகு நூறாண்டுக்கும் மேலாக ஏழை நாடுகளில் காசநோய்ப் பரிசோதனை என்றால் சளிப் பரிசோதனைதான். காலையில் இருமி எடுத்த சளியைக் கண்ணாடித் தகட்டில் தடவி, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். நீலப் பின்னணியில் சிவந்த சிறு குச்சிகள் தெரிந்தால் காசநோய். ஒரு மில்லி லிட்டர் சளியில் ஆயிரக்கணக்கில் கிருமிகள் இருந்தால்தான் அந்தக் குச்சிகள் கண்ணில் படும்.

அத்தனை கிருமிகள் சளிக்குள் வருவது நுரையீரலில் குழிகள் விழுந்திருக்கும்போது. அந்தக் குழிகளை உண்டாக்குவது கிருமி மட்டும் அல்ல. அதை எதிர்த்து உடம்பு மூர்க்கமாகப் போராடுவதால் திசு சிதைந்தே குழி விழுகிறது. எச்.ஐ.வி. முற்றியவரிடம் போராட ஆள் இல்லை. குழி விழாது. சளியில் கிருமி தெரியாது. எக்ஸ்ரேகூடச் சில நேரம் நன்றாகவே இருக்கும். கிருமியோ நிணநீர்க் கட்டிகளிலும் மூளை உறையிலும் ரத்தத்திலும் பரவிக்கொண்டிருக்கும். நோய் எவ்வளவு தீவிரமோ அவ்வளவுக்குப் பரிசோதனை ‘இல்லை’ என்று சொல்லும். மெலிந்து, காய்ச்சலோடு வந்தவரை ‘சளியில் டிபி இல்லை’ என்று சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். எச்.ஐ.வி. உள்ள நிலையில் இறந்தவர்களின் உடல்களைப் பல நாடுகளில் பரிசோதித்துப் பார்த்த ஆய்வுகளில், காசநோய் இருந்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது உயிரோடு இருந்தவரை கண்டுபிடிக்கப்படவே இல்லை.

2010 டிசம்பரில் உலக சுகாதார நிறுவனம் ஜீன்எக்ஸ்பர்ட் கருவியைப் பரிந்துரைத்த பிறகு நிலைமை ஓரளவு மாறியது. நம் அரசு மருத்துவமனைகளில் சிபிநாட் என்று சொல்கிறார்களே, அதே பரிசோதனை. கிருமியின் மரபுப் பொருளைத் தேடி இரண்டு மணி நேரத்துக்குள் முடிவு சொல்லும். காசநோய்க்கான முக்கிய மருந்தான ரிஃபாம்பிசின் கேட்குமா, கேட்காதா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடும். சளி துப்பவும் தெம்பில்லாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்குச் சிறுநீரில் காசநோய்க் கிருமியின் கூறைக் கண்டறியும் பட்டைச் சோதனை உண்டு. 25 நிமிடத்தில் முடிவு தெரியும், மின்சாரமும் ஆய்வகமும் தேவையில்லை. இத்தனை எளிய ஒரு சோதனை இன்னும் எல்லா மருத்துவமனைகளுக்கும் போய்ச் சேரவில்லை என்பது எனக்கு ஆறாத வருத்தம்.

இந்த இரட்டைத் தொற்று ஓர் ஊரில் புகுந்தால் என்ன செய்யும் என்பதை உலகம் தென்னாப்பிரிக்காவில் பார்த்தது. குவாஸுலு-நட்டால் மாகாணத்தில் டுகேலா ஃபெர்ரி என்று ஓர் ஊர் இருக்கிறது. ஸுலு மக்கள் வாழும் ஏழ்மையான மலைப்பகுதி. அங்குள்ள சர்ச் ஆஃப் ஸ்காட்லாந்து மருத்துவமனையில், 2005 ஜனவரியிலிருந்து 2006 மார்ச் வரை வந்த நோயாளிகளின் சளியை விரிவாகப் பரிசோதித்தார்கள். 53 பேருக்கு, அன்று கையில் இருந்த முக்கிய மருந்துகள் எதற்கும் கட்டுப்படாத எக்ஸ்.டி.ஆர். காசநோய் இருந்தது. அவர்களில் 52 பேர் இறந்துவிட்டார்கள். எச்.ஐ.வி. பரிசோதனை செய்யப்பட்டவர்கள் 44 பேர். 44 பேருக்கும் தொற்று இருந்தது. சளி கொடுத்த நாளிலிருந்து இறப்பு வரை கணக்கிட்டால், பாதிப் பேர் 16 நாட்களுக்குள் போய்விட்டார்கள். அந்தச் சளியில் உள்ள கிருமியை வளர்த்து எந்த மருந்து கேட்கும் என்று சொல்ல ஆய்வகத்துக்கு அன்று வாரக்கணக்கில் ஆகும். முடிவு வரும்போது பெயருக்கு உரியவர் இல்லை.

இதில் இன்னொரு விவரம் முக்கியமானது. அந்த 53 பேரில் விவரம் தெரிந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் அதற்கு முன் காசநோய் மருந்தே எடுத்ததில்லை. மருந்தை ஒழுங்காகச் சாப்பிடாததால் கிருமி முரண்டு பிடிக்கப் பழகிவிட்டது என்று நோயாளியைக் குறை சொல்லும் வழக்கமான பேச்சு அவர்களிடம் செல்லாது. முரட்டுக் கிருமியே நேராக அவர்களுக்குத் தொற்றியிருக்கிறது. பலர் அண்மையில் மருத்துவமனையில் தங்கியவர்கள். எச்.ஐ.வி.க்கு வைத்தியம் பார்க்க வந்து, நெருக்கமான வார்டில் படுத்து, பக்கத்துக் கட்டிலின் இருமலிலிருந்து அதை வாங்கிக்கொண்டார்கள். இறந்தவர்களில் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. ஜன்னலைத் திறந்து வைப்பது, இருமுபவரைத் தனியே உட்கார வைப்பது, முகக்கவசம் தருவது ஆகியவையும் சிகிச்சையின் ஒரு பகுதி என்பதை உலகம் உணர்ந்தது அதற்குப் பிறகு. உயரமான கூரையும் பெரிய ஜன்னல்களும் கொண்ட பழங்கால மருத்துவமனைக் கட்டடங்களில், புதிய கட்டடங்களைவிடக் காற்று நன்றாக ஓடுகிறது என்று பெருவின் லிமா நகரில் 2007இல் வெளிவந்த ஆய்வு ஒன்று காட்டியது. நம் ஊர்களில் அப்படிப்பட்ட பழைய வார்டுகளை இடித்துவிட்டு ஏசி அறை கட்டும்போது இதையும் நினைத்துப் பார்க்கலாம்.

தென்னாப்பிரிக்கா இந்த நிலைக்கு வந்தது தற்செயலாக அல்ல. விட்வாட்டர்ஸ்ராண்ட் தங்கச் சுரங்கங்களில் பாறையைத் துளைக்கும்போது எழும் சிலிக்கா தூள் நுரையீரலைப் புண்ணாக்கும். புண்பட்ட நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். லெசோத்தோ, மொசாம்பிக் போன்ற இடங்களிலிருந்து வந்த ஆண்கள் குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு, நெருக்கடியான விடுதிகளில் ஆண்டு முழுவதும் வாழ்ந்தார்கள். காற்றில் பரவும் நோய்க்கும் உடலுறவில் பரவும் நோய்க்கும் இதைவிடத் தோதான ஏற்பாடு இருக்க முடியாது. உடம்பு கெட்டதும் வேலையை இழந்து ஊருக்குப் போனார்கள், நோயும் கூடவே போனது. 1965 மார்ச்சுக்குப் பிந்தைய பாதிப்புகளுக்கு இழப்பீடு கேட்டுத் தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில், சுரங்க நிறுவனங்கள் சுமார் 500 கோடி ராண்ட் தர 2018இல் ஒப்புக்கொண்டன. 2019இல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் அதை ஏற்றது. அதற்குள் எத்தனையோ பேர் இறந்திருந்தார்கள்.

அடுத்தது அரசியல். அதிபர் தாபோ எம்பெக்கி, எய்ட்ஸ் நோய்க்கு எச்.ஐ.வி.தான் காரணமா என்றே சந்தேகம் எழுப்பினார். அவருடைய சுகாதார அமைச்சர் பூண்டையும் பீட்ரூட்டையும் பரிந்துரைத்தார். 2000 முதல் 2005 வரை மருந்து கொடுக்காமல் தாமதித்ததால் 3,30,000க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டார்கள். சிகிச்சை கோரிப் போராடிய இயக்கத்தை 1998இல் தொடங்கியவர்களில் ஒருவரான ஸாக்கி அக்மத்துக்கே எச்.ஐ.வி. இருந்தது. அரசு மருத்துவமனையில் ஏழைக்கும் கிடைக்கும் வரை நான் மருந்து சாப்பிட மாட்டேன் என்று அவர் உறுதியாக நின்று, 2003இல்தான் தொடங்கினார்.

அதே நாட்டிலிருந்துதான் தெளிவான குரலும் வந்தது. நெல்சன் மண்டேலா 1988இல் போல்ஸ்மூர் சிறையில் இருந்தபோது காசநோய் கண்டு, சிகிச்சை பெற்றுக் குணமானவர். 2004 ஜூலையில் பாங்காக்கில் நடந்த சர்வதேச எய்ட்ஸ் மாநாட்டில், காசநோயை எதிர்த்து இன்னும் அதிகம் செய்யாமல் எய்ட்ஸை எதிர்க்க முடியாது என்று பேசினார். ஆறு மாதம் கழித்து, 2005 ஜனவரியில், அவருடைய மகன் மக்காத்தோ இறந்தபோது, எய்ட்ஸ்தான் காரணம் என்று நிருபர்களைக் கூப்பிட்டு வெளிப்படையாகச் சொன்னார். நோயை மறைத்து மறைத்தே பலர் செத்துக்கொண்டிருந்த நாட்டில் அது சாதாரண செயல் அல்ல.

இனி மருத்துவ ஏற்பாட்டுக்கு வருகிறேன். காசநோய்க்கு ஒரு துறை, எச்.ஐ.வி.க்கு ஒரு துறை. தனி அதிகாரிகள், தனிப் பதிவேடுகள், தனி நாட்கள், பல ஊர்களில் தனிக் கட்டடங்கள். நோயாளி ஓர் இடத்தில் வரிசையில் நின்று, வேறொரு நாள் கூலியை விட்டுவிட்டு, பஸ் பிடித்து இன்னோர் இடத்தில் நிற்க வேண்டும். சுருண்டு கிடக்கும் ஓர் உடம்பு எத்தனை வரிசைகளில் நிற்கும்? இங்கே பதிவு ஆனவர் அங்கே போய்ச் சேராமலே விடுபட்டுப் போவது அன்றாடம் நடந்தது. கேப் டவுனை ஒட்டிய கயலீட்சா குடியிருப்பில் ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு 2001இல் எச்.ஐ.வி. மருந்து கொடுக்கத் தொடங்கியது. சில ஆண்டுகளில் உபுண்டு மருத்துவமனையில் இரண்டு நோய்களுக்கும் ஒரே கூரையின் கீழ் சிகிச்சை தரும் முறையை மாகாண அரசோடு சேர்ந்து கொண்டுவந்தது. ஒரே செவிலியர், ஒரே கோப்பு. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஆனாலும் இன்று உலகம் பின்பற்றும் முறை இதுதான்.

எந்த மருந்தை முதலில் தொடங்குவது என்பதிலும் நீண்ட காலம் குழப்பம் இருந்தது. காசநோய் மருந்தை முழுதாக முடித்துவிட்டு எச்.ஐ.வி. மருந்தைத் தொடங்கலாம் என்று பலர் காத்திருக்க வைத்தார்கள். அச்சத்துக்குக் காரணம் இல்லாமல் இல்லை. மாத்திரைகள் அதிகம், பக்கவிளைவும் அதிகம். எதிர்ப்பாற்றல் திடீரென்று மீளும்போது, ஒளிந்திருந்த கிருமிகளை உடம்பு ஒரேயடியாகத் தாக்கிக் காய்ச்சலும் வீக்கமும் கூடுவதும் உண்டு. ‘மருந்து சாப்பிட்ட பிறகு மோசமாகிவிட்டது’ என்று நோயாளி ஓடிப்போவது இந்தக் கட்டத்தில்தான். தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் சலீம் அப்துல் கரீமும் குவரைஷா அப்துல் கரீமும் தலைமை ஏற்ற ஆய்வு மையம் 642 நோயாளிகளிடம் இதைச் சோதித்தது. காசநோய் சிகிச்சை நடக்கும்போதே எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்கியவர்களிடம் இறப்பு 56 சதவீதம் குறைந்தது. காத்திருக்க வைப்பது ஆபத்து என்பது உறுதியானதும், காசநோய் மருந்து முடியும் வரை ஒரு குழுவைக் காத்திருக்க வைத்ததை 2008லேயே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். இப்போதைய உலகப் பரிந்துரையின்படி, காசநோய் மருந்து தொடங்கிய இரண்டு வாரத்துக்குள் எச்.ஐ.வி. மருந்தையும் தொடங்க வேண்டும். மூளை உறைக் காசநோய்க்கு மட்டும் நான்கு முதல் எட்டு வாரம் பொறுக்க வேண்டும்.

மருந்துகள் ஒன்றோடொன்று மோதுவதற்கு ஓர் எடுத்துக்காட்டு. காசநோய்க்கான ரிஃபாம்பிசின், கல்லீரலை முடுக்கிவிட்டு மற்ற மருந்துகளை வேகமாகக் கரைத்துவிடும். எச்.ஐ.வி.க்கு இன்று பரவலாகத் தரப்படும் டோலுடெக்ராவிர் நாளுக்கு ஒரு முறை 50 மில்லிகிராம். ரிஃபாம்பிசினோடு சேர்த்தால் காலை ஒன்று, இரவு ஒன்று என்று இரண்டு வேளை. அந்த இரண்டாவது மாத்திரையை எழுத மறந்தால் எச்.ஐ.வி. கட்டுப்படாமல் போகலாம். இரண்டு நோய்க்கும் இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே சீட்டு எழுதும் இடத்தில் இந்த மறதிக்கு வாய்ப்பு அதிகம்.

வந்த பிறகு போராடுவதைவிட வராமல் தடுப்பது எளிது, மலிவும்கூட. எச்.ஐ.வி. மருந்தைத் தவறாமல் எடுப்பதே காசநோய்க்கு எதிரான முதல் தடுப்பு. அதோடு, காசநோய் இல்லை என்று உறுதியான எச்.ஐ.வி. உள்ளவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தரலாம்: ஐசோனியாசிட் ஆறு மாதம் தினமும், அல்லது ஐசோனியாசிட்டும் ரிஃபாபென்டினும் வாரம் ஒரு முறை வீதம் 12 வாரம். பல நாடுகளில் மருத்துவர்களே இதை எழுதத் தயங்கினார்கள். நோய் இல்லாதவருக்கு மருந்து எதற்கு என்ற எண்ணம்தான் தடை.

சுமை என்று சொல்லும்போது வீட்டுக்குள் விழும் சுமையையும் சொல்ல வேண்டும். இந்த நோய்கள் அதிகம் தாக்குவது சம்பாதிக்கும் வயதினரை. காசநோய் வந்த குடும்பங்களில் ஏறத்தாழ பாதி, மருந்து இலவசமாகக் கிடைத்தாலும், ஆண்டு வருமானத்தில் 20 சதவீதத்துக்கு மேல் இழக்கிறது. போக்குவரத்து, சத்தான சாப்பாடு, விட்டுப்போன கூலி எல்லாம் சேர்ந்த கணக்கு இது. எச்.ஐ.வி.யும் சேர்ந்தால் வேலை போகும் அச்சமும் அக்கம்பக்கத்தார் பேச்சும் கூட வருகின்றன. இருமலுக்கு மருத்துவமனைக்குப் போனால் மற்றதும் தெரிந்துவிடுமே என்று வீட்டிலேயே கிடந்து, காலம் கடந்தவர்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கதையில் நேரடிப் பங்கு உண்டு. காசநோயாளியை மலைக்காற்று வீசும் சானடோரியத்தில்தான் வைக்க வேண்டும் என்று உலகம் நம்பிய காலத்தில், வீட்டில் இருந்தபடியே மாத்திரை சாப்பிட்டாலும் அதே அளவு குணமாகும், குடும்பத்தாருக்குக் கூடுதலாகத் தொற்றாது என்று நிரூபித்தது சென்னையில் 1950களின் இறுதியில் நடந்த ஆய்வு. நெரிசலான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வு அது. உலகின் ஏழை நாடுகளில் வீட்டுச் சிகிச்சை பரவியதற்கு அதுவே அடித்தளம். 1986இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளை சென்னையில் சுனிதி சாலமன், செல்லப்பன் நிர்மலா ஆகிய மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். காசநோய்க்காகத் தொடங்கப்பட்டு, ரயில் நிலையத்துக்கே பெயர் தந்த தாம்பரம் சானடோரியம், 1990களில் வேறு யாரும் சேர்த்துக்கொள்ளாத எச்.ஐ.வி. நோயாளிகளுக்குக் கட்டில் கொடுத்தது. 2004 ஏப்ரலில் இந்தியாவில் எச்.ஐ.வி.க்கான இலவசக் கூட்டு மருந்துத் திட்டம் தொடங்கியபோது, முதல் மையங்களில் அதுவும் ஒன்று.

தென்னாப்பிரிக்காவில் இன்றும் காசநோய் வருபவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஆனால் கூட்டு மருந்து பரவலானதும் புதிதாகக் காசநோய் வரும் விகிதம் 2015லிருந்து பாதியாகக் குறைந்துவிட்டது. உலக அளவில், 2005ஐ ஒட்டிய ஆண்டுகளில் இரண்டும் சேர்ந்து இறந்தவர்கள் ஆண்டுக்கு ஐந்து லட்சத்துக்கும் மேல்; மேலே சொன்ன 1.61 லட்சத்தை அதோடு ஒப்பிட வேண்டும். இந்த இறக்கம் தானாக நடக்கவில்லை. 2025 ஜனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தி வைத்தபோது, தென்னாப்பிரிக்காவில் ஆயிரக்கணக்கான சுகாதாரப் பணியாளர்கள் வேலையிழந்தார்கள். மருந்தின் பெரும் செலவை அந்நாட்டு அரசே ஏற்கிறது. வேலை போனவர்களில் பலர், மருந்து வாங்க வராதவரை வீடு தேடிப்போய் அழைத்து வருபவர்கள், பரிசோதனைக்கு முன்னும் பின்னும் பேசித் தைரியம் சொல்பவர்கள். விடுபட்டுப் போகிறவரைத் தடுத்து நிறுத்துவது அவர்கள் வேலையாக இருந்தது.

நம் ஊரில் இதை வாசிப்பவர்களுக்குப் பயன்படும் சில விவரங்கள். எச்.ஐ.வி. உள்ளவர், அதற்கு மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போகும் ஒவ்வொரு முறையும் நான்கு கேள்விகள் கேட்கப்பட வேண்டும்: இருமல் இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா, இரவில் வியர்க்கிறதா, எடை குறைந்திருக்கிறதா. கேட்காவிட்டால் நாமே சொல்ல வேண்டும். இருமல் இரண்டு வாரம் ஆகட்டும் என்று எச்.ஐ.வி. உள்ளவர் காத்திருக்கக் கூடாது. எத்தனை நாள் இருமல் ஆனாலும் பரிசோதனை தேவை. காசநோய் உறுதியான எல்லோரும் எச்.ஐ.வி. பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளின் நம்பிக்கை மையங்களில் அது இலவசம், முடிவை வெளியே சொல்ல மாட்டார்கள். நேரில் போகத் தயங்குபவர்கள் 1097 என்ற கட்டணமில்லா எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.